கொங்குநாட்டுக் கதைய டைஸ் உருட்டி ஆடறது எப்படி: சாதி, கூலி, பஞ்சம் எல்லாத்தையும் கேம்ல கொண்டுவர முழு வழிகாட்டி

ஆர்பிஜின்னா ஆளாளுக்கு ஒரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி, சேந்து ஒரு கதைய ஆடறது. அதுல எல்ஃப், ஓர்க், ட்ராகன்னு ஆடறவரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லீங்க. எல்ஃபுக்கும் ட்வார்ஃபுக்கும் ஆகாதுன்னு ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தற ஆளு, சொன்னா எல்லாரும் சிரிச்சுட்டே ஒத்துக்குவோம், ஏன்னா சுத்தி உக்காந்திருக்கற அஞ்சு பேருல யாரோட தாத்தாவும் எல்ஃப் கிடையாது. அதே அஞ்சு பேரை வெச்சுட்டு "1800ஆம் வருசம், ஈரோட்டுக்குப் பக்கத்துல ஒரு ஊரு, நீங்கெல்லாம் அந்த ஊருக்காரங்க"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க, மொத கேள்வியே "என் கேரக்டர் எந்த வீதில குடியிருக்கான்?"னு வரும், அதுக்கப்பறம் ஒரு அமைதி விழும் பாருங்க, அதை எந்த டைஸ உருட்டியும் சரி பண்ண முடியாது.

நாங்க ஆறேழு வருசமா சனிக்கிழமை ராத்திரி ஆடறோம், ஒரு ஃப்ரெண்டோட தறிப்பட்டறைக்கு மேல இருக்கற ரூம்ல. கீழ தறி ஓடற சத்தத்துல ஜிஎம் குரலை ஒசத்தித்தான் பேசணும், அதுவே ஒரு ஸ்டைல் ஆயிப்போச்சு. அதுல கடைசி மூணு வருசமா நம்ம ஊர் வரலாறை வெச்சே ஆடறோம். இந்த வழிகாட்டில இருக்கறது பூரா அங்க நாங்க பண்ணுன தப்புல இருந்து எடுத்தது, முக்கியமா நான் பண்ணுனது. ஆர்பிஜி ஒரு நாலு தடவையாச்சும் ஆடியிருக்கறவங்களுக்குத்தான் இது, டைஸ் எப்படி உருட்டறதுன்னு இதுல சொல்லல.

வரலாறுன்னு வந்தா ரெண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி "சாதியே இல்லாத கொங்குநாடுன்னு வெச்சுக்கலாமுங்க, ஜாலியா ஆடிட்டுப் போலாம்"னு சொல்லும். இன்னொரு கட்சி "அப்படியே ரியலா இருக்கணும், இல்லைன்னா அது வரலாறே இல்ல"ன்னு சொல்லும், அப்படிச் சொல்ற ஆளு பெரும்பாலும் ரியலா இருந்தா நஷ்டப்படாத வீட்டுல இருந்து வந்தவரா இருப்பாரு. ரெண்டுமே சோம்பேறித்தனம்னு நான் சொல்லுவேன். நான் கண்டுபிடிச்ச வழி இதுதான்: வசவுல காட்டாதீங்க, வேலையில காட்டுங்க. தண்ணி எந்தக் கெணத்துல, தானியம் யாருக்கு எத்தனை வள்ளம் (தானியம் அளக்கற அளவு), கணக்கு நோட்டு யாரு கையில, இதுல காட்டுங்க. மத்ததெல்லாம் தன்னால வரும்.

படி 1: "அந்தக் காலம்"னு ஒரு காலம் கிடையாது, வருசத்தைச் சொல்லுங்க

இதுதான் மொத வேலை, பாதிப்பேரு பண்ணவே மாட்டாங்க. சினிமால பாத்த ராஜா, நாட்டாமை, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டுக் கிண்டி "அந்தக் காலத்துல"ன்னு பரிமாறிருவாங்க. அப்படிப் பண்ணுனா சாதி, அடிமைத்தனம், பொம்பளைங்க நெலமை எல்லாமே எப்பவும் மாறாத இயற்கை மாதிரி ஆயிரும், மழை வெயில் மாதிரி. அது பொய். ஒவ்வொன்னும் ஒவ்வொரு காலத்துல ஒவ்வொரு மாதிரி இருந்துச்சு, யாரோ உண்டாக்குனாங்க, யாரோ எதுத்தாங்க.

நாங்க யோசிச்ச நாலு செட்டிங்க சொல்றேன். ஒன்னு, கொடுமணல். நொய்யல் கரையில ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி கல்மணி, இரும்பு, எஃகு வேலை நடந்த ஊரு, பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வருது, பானை ஓட்டுல தமிழி எழுத்துல பேரு கீறியிருக்கு. செம தீனி ஒரு கேம்பெய்னுக்கு, அதாவது பல செஷன் ஓடற தொடர்கதைக்கு. ஆனா 19ஆம் நூற்றாண்டு சாதி அடுக்கைக் கொண்டுபோய் அங்க ஒட்டாதீங்க. அதுக்காக "எல்லாரும் சமம், பொற்காலம்"னும் ஓட்டாதீங்க, புறநானூத்துலயே தாழ்ந்த ஆளுன்னு சொல்ற இழிசினன்ங்கற வார்த்தை இருக்கு. இன்னொன்னு, அந்த ஊர்ல மொளகாய்ச் சட்னி வெக்காதீங்க, மொளகாய் வந்தது போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் பொறவு. நான் வெச்சு மாட்டுனேன்.

ரெண்டு, 1799ல இருந்து 1805 வரைக்கும். திப்பு விழுந்து கோயமுத்தூர் சீமை கம்பெனி கைக்குப் போகுது, பாளையக்காரங்க எதிர்க்கறாங்க, 1805ல தீரன் சின்னமலைய சங்ககிரிக் கோட்டையில தூக்குல போடறாங்க. மூணு, 1876 தாது வருசப் பஞ்சம். நாலு, 1930கள்ல கோயமுத்தூர் மில்லு, பைக்காரா கரண்டு வந்து மில்லுங்க மளமளன்னு எந்திரிச்ச காலம். இந்த நாலுலயும் ஒரே ஆளு ஒரே ஊர்ல இருந்தாலும் அவனோட வழி வேற வேறயா இருக்கும். 1843ல அடிமைமுறைய கோர்ட்டு ஏத்துக்காதுன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஓடிப்போற பண்ணயத்தாளுக்கும் அதுக்குப் பின்னாடி ஓடிப்போறவனுக்கும் தாளுல வித்தியாசம் இருக்கு, தரையில எத்தனை வித்தியாசம் இருந்துச்சுங்கறதுதான் உங்க கதையே.

மில்லு காலத்தை எடுத்தா ஒரு எச்சரிக்கை. 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்துத் தொழிலாளிங்க நாலு பேரைக் கோயமுத்தூர் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அந்த மாதிரி ஆளுங்களை ப்ளேயர் கேரக்டரா எடுக்காதீங்க. அவங்க சொந்தபந்தம் இன்னைக்கும் பக்கத்து பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருக்கலாம். அவங்க கதைக்குப் பக்கத்துல வேற ஒரு கற்பனை ஆளா நில்லுங்க.

நாங்க கடைசில எடுத்தது 1800. ஏன்னா அப்ப யாரு ஆட்சின்னே தெளிவில்ல, ஊருக்குள்ள எல்லாரும் எல்லாரையும் கணக்குப் போட்டுட்டிருக்காங்க, ஆர்பிஜிக்கு அதைவிட என்ன வேணும்.

படி 2: தகவலைத் தேடுங்க, எழுதுனவன் யாருன்னும் பாருங்க

இதைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1800ல ஃபிரான்சிஸ் புக்கானன்னு ஒரு டாக்டர் கம்பெனிக்காக மைசூர்ல இருந்து இந்தப் பக்கமா சுத்தி, என்ன வெளையுது, என்ன கூலி, எந்தச் சாதிக்காரங்க என்ன பண்றாங்கன்னு எழுதி வெச்சாரு, 1807ல அச்சுல வந்துச்சு. பின்னால 1883ல லெ ஃபானு சேலம் ஜில்லா மேனுவலும், 1887ல நிக்கல்சன் கோயமுத்தூர் ஜில்லா மேனுவலும் போட்டாங்க. எல்லாமே இன்டர்நெட்ல ஸ்கேனா கெடைக்கும். ஆனா இதெல்லாம் வரி போடறதுக்காக எழுதுனது, அவங்ககிட்டப் பேசுனவங்க கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும்தான், கூலிக்காரன் சொன்னது அதுல கம்மி. அந்த ஓட்டைய அடைக்க வீட்டுல பெரியவங்க இருக்காங்க. எங்க அம்மிச்சிகிட்ட "களத்துல யார் யாருக்குத் தானியம் அளப்பாங்க?"ன்னு ஒத்தைக் கேள்விதான் கேட்டேன், ஒன்றரை மணி நேரம் பேசுச்சு, யாருக்கு முன்னாடி அளப்பாங்க யாருக்குக் கடைசில அளப்பாங்க, யாரு துண்ட விரிச்சு நிப்பாங்க, யாருக்கு வீட்டுக்கே போயிரும்னு. அதுல பாதி எந்த மேனுவல்லயும் இல்ல.

பழைய பொஸ்தகத்துல வர்ற சாதிப்பேரை அப்படியே கேம் ஷீட்டுல, அதாவது கேரக்டர் விவரம் எழுதற தாளுல, எழுதாதீங்க. அன்னைக்கு ஆவணத்துல சாதாரணமா வந்த பேரு சிலது இன்னைக்கு வசவு, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல கேஸே ஆகும். ஷீட்டுல தொழிலையும் வீதியையும் எழுதுங்க, போதும்.

படி 3: ஆடறதுக்கு முன்னாடி பேசுங்க, ஆனா குரூப்ல வெச்சுக் கேக்காதீங்க

வெளிநாட்டுல இதுக்கு செஷன் ஜீரோன்னு பேரு. டைஸ எடுக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் உக்காந்து எது வரலாம் எது வேண்டாம்னு பேசிக்கறது. கோடு, திரைன்னு ரெண்டு விசயம் இருக்கு, ரான் எட்வர்ட்ஸ்ங்கற டிசைனர் 2003ல எழுதுனது. கோடுன்னா அந்த விசயம் கதைக்குள்ளயே வராது. திரைன்னா கதையில நடக்கும், ஆனா காட்ட மாட்டோம், சீன் அங்க மூடிரும். எங்க கேம்ல பாலியல் வன்முறை கோடு. தாலி அறுக்கற சடங்கு திரை. சாதி வசவு கோடு, அது எப்படி கோடு ஆச்சுன்னு அடுத்த படில சொல்றேன்.

நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. அமெரிக்காக்காரன் எல்லாரையும் சுத்தி உக்கார வெச்சு "யாருக்கு என்ன வேண்டாம்"னு கேப்பான். இங்க அப்படிக் கேட்டா என்ன ஆகும்? "எனக்கு தீண்டாமை சீன் வேண்டாம்"னு ஒருத்தன் வாயத் தொறந்தா மத்த நாலு பேரு மனசுல ஒரு கணக்கு ஓடும். கொங்குநாட்டுல "உங்களுக்கு எந்த ஊருங்க, ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?"ன்னு கேக்கறதே பாதி நேரம் சாதி கேக்கறதுதானே. அதனால நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா வாட்ஸப்ல கேப்பேன், எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தையில, காரணம் கேக்க மாட்டேன். அப்பறம் லிஸ்ட்ட நானே சேத்து, யாரு சொன்னதுன்னு இல்லாம படிச்சுருவேன். எனக்கு வேண்டாததையும் அதுல ஒன்னு ரெண்டு சேத்துக்குவேன், அப்பத்தான் எண்ணிப் பாத்து யாருன்னு கண்டுபிடிக்க முடியாது.

ஒருத்தர்கிட்ட மட்டும் போய் "உனக்கு ஓகே தானடா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க. அது அக்கறை மாதிரி தெரியும், அவருக்கு அது விரல் நீட்டற மாதிரி இருக்கும்.

டாக் ஈட் டாக்னு ஒரு சின்ன கேம் இருக்கு, பசிபிக் தீவுல காலனி பத்தினது. அதுல ஆடறவங்கள்ல யாரு பணக்காரங்களோ அவங்கதான் ஆக்கிரமிக்கற நாடா ஆடணும்னு விதி. படிச்சப்ப அசந்துட்டேன், நம்மளும் பண்ணலாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். பண்ணல. இங்க யாருகிட்ட எத்தனை இருக்குன்னு கேட்டா ரெண்டாவது கேள்வில சாதிக்கு வந்து நிக்கும். அதுக்குப் பதிலா எங்ககிட்ட ஒரு விதி: யாரு எந்த வீதி கேரக்டரை எடுக்கறதுன்னு ஜிஎம் சொல்லக் கூடாது, யாரும் யாருக்கும் சஜஸ்ட் பண்ணவும் கூடாது.

படி 4: வில்லன் நாக்கை நீங்க வாடகைக்கு எடுக்காதீங்க

எங்க மொத கேம்பெய்ன், மூணாவது செஷன். நான் ஒரு பண்ணாடி (பண்ணய முதலாளி) என்பிசி, அதாவது ஜிஎம் ஆடற கேரக்டரு, ஆடறேன், குரலெல்லாம் மாத்தி, மீசைய முறுக்கற ஆக்சனோட. ஒரு தம்பி கேரக்டர் வாசல்ல வந்து நிக்குது. நான் அவனைப் பாத்து, அந்தக் காலத்துல என்ன சொல்லுவாங்களோ அதை அப்படியே சொன்னேன். வெகு ரியலா சொன்னேன். ரெண்டு பேரு "செம ணா"ன்னு சிரிச்சாங்க. அந்தத் தம்பி டைஸை மெதுவாக் கீழ வெச்சான், மீதி ரெண்டு மணி நேரமும் ஆடுனான், ஆனா ஆடல. கெளம்பறப்ப பைக் ஸ்டாண்டுகிட்ட வந்து சொன்னான், "ஏனுங்ணா, எங்க தாத்தா இதைக் கேட்டுட்டேதான் இருந்து செத்தாரு. சனிக்கிழமை நானும் வந்து கேக்கணுங்ளா?"

எனக்கு பதில் இல்ல. வீட்டுக்குப் போறவரைக்கும் வண்டில "நான் என்பிசியாத்தான பேசுனேன்"னு மனசுக்குள்ள வக்கீல் வேலை பாத்துட்டே போனேன், வீடு வந்தப்பறம் அந்த வக்கீலும் போயிட்டான். என் வாயில இருந்து வந்தது, அவன் காதுல விழுந்தது, நடுவுல கேரக்டர்னு ஒரு ஷீட்டுதான் இருந்துச்சு.

அதுல இருந்து எங்க வழக்கம், இந்த மாதிரி இடத்துல வில்லனா நேராப் பேச மாட்டோம், வெளிய நின்னு சொல்லுவோம். "அவரு ஒரு வார்த்தை சொன்னாரு, கட்டுத்தரையில நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு, ஒருத்தரும் நிமுந்து பாக்கல" இத்தனைதான். இது வசவைவிட கனமா எறங்குது, நம்புங்க. அதேமாதிரி மரியாதைய கவனிங்க. நம்ம பேச்சுல ங்க போடாம ஒரு வாக்கியம் முடியாதுன்னு பெருமையா சொல்லிக்கறோம், அந்த ங்க யாருக்குப் போச்சு யாருக்குப் போகலங்கறதுதான் வரலாறு. "பத்து வயசுப் பையன் அறுவது வயசு ஆளைப் பேரு சொல்லிக் கூப்புடறான், அவரு வர்றேன் சாமின்னு ஓடியாறாரு"ன்னு ஒரு வரி சொன்னாப் போதும், ஊரே கண்ணு முன்னால வந்துரும், ஒருத்தர் மேலயும் எச்சி தெறிக்காது.

படி 5: சாதிக்கு மைனஸ் ரெண்டு போடாதீங்க, விதிய மெசினாப் போடுங்க

இதான் இந்த வழிகாட்டியோட நெஞ்சாங்கூடு, நிதானமாப் படிங்க.

புதுசா வர்ற ஜிஎம் பண்ற மொத தப்பு, இந்த வீதிக்காரனுக்கு பேச்சுத் திறமை மைனஸ் ரெண்டு, அந்த வீட்டுக்காரனுக்கு ப்ளஸ் ரெண்டுன்னு ஷீட்டுல போடறது. அப்படிப் போட்டா கொறை அந்த ஆளுக்குள்ள இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. இது பெரிய கம்பெனிக்கே நாப்பது அம்பது வருசம் எடுத்த பாடம், 1974ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் 2024 ரூல்ஸ்லதான் ரேஸ்ங்கற வார்த்தையையே எடுத்துட்டு ஸ்பீசீஸ்னு மாத்துச்சு. ஆளுகிட்ட கொறை இல்ல, வழிலதான் ஒரு கேட்டுப் போட்டு அடைச்சிருக்கு. அந்தக் கேட்டை வரைங்க.

ஒவ்வொரு சமூக விதிக்கும் மூணு கேள்வி எழுதுங்க. இதனால யாருக்கு என்ன மிச்சமாகுது? இதை யாரு காவல் காக்கறாங்க? மீறுனா விலை என்ன, அந்த விலைய யாரு குடுப்பாங்க? மூணாவது கேள்வில "மீறுனவன்"னு எழுதுனீங்கன்னா தப்பு. பெரும்பாலும் மீறுனவனோட அப்பனும் தங்கச்சியும்தான் குடுப்பாங்க.

எங்க கேம்ல வந்த கெணத்தையே எடுத்துக்கலாம். சித்திரை மாசம், கவலை ஏத்தி, அதாவது எருது பூட்டி சாலுங்கற பெரிய பாத்திரத்துல தண்ணிய மேல இழுத்து, இறைக்கற கெணறு. சாலுக்கு அடில தோல்ல தைச்ச வாலு ஒன்னு தொங்கும்ல, மேல வந்ததும் அது வழியாத்தான் தண்ணி வாய்க்காலுக்குக் கொட்டும். அது கிழிஞ்சு போச்சு. எருது சும்மா நிக்குது, ராகிப் பயிர் வாடுது. அதைத் தைக்கத் தெரிஞ்ச ஆளு தோல் வேலை செய்யறவருதான். ஆனா அவரு தைச்சுக் குடுத்த தோல்ல ஏறி வர்ற தண்ணிய அவரு கெணத்துல எறங்கி மொள்ளக் கூடாது. யாருக்கு மிச்சம்? கெணத்துக்காரருக்கு, வேலையும் நடக்குது, ஆளும் கைக்கு அடங்கி இருக்கான். யாரு காவல்? கெணத்துக்காரரு இல்ல, தண்ணி இறைக்கற அவரோட ஆளுங்க, ஏன்னா அவங்களுக்கும் கீழ ஒருத்தன் இருக்கறதுதான் அவங்களோட ஒரே சொத்து. விலை? அறுவடையில களத்துல அளக்கற தானியம் கொறையும், இல்லைன்னா பக்கத்து ஊர்ல இருந்து வேற ஆளைக் கூட்டியாந்துருவாங்க.

இப்ப அந்தத் தோல் வேலைக்காரரு ப்ளேயர் கேரக்டர். அதை எடுத்தது ஒரு திருப்பூர் அக்கா, எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க. அவங்களுக்கு வேணுங்கறது, இந்தக் கோடை முடியறவரைக்கும் வீட்டுக்குத் தண்ணி. நான் டைஸ் உருட்டறதுக்கு முன்னாடியே விலைய வெளிய சொல்லிட்டேன், இது முக்கியம், மறைச்சு வெச்சுட்டு அப்பறமா அடிக்கறது மோசம். நல்லா விழுந்தா வாய்க்கால் கடைசில நின்னு பகல்ல புடிச்சுக்கலாம், நடுத்தரமா விழுந்தா ராத்திரி மட்டும், மோசமா விழுந்தா வேற ஆளு வந்துருவான், களத்துல தானியம் பாதி ஆயிரும். அந்த அக்கா ஒரு நிமிசம் யோசிச்சுட்டு டைஸத் தொடவே இல்ல. "சரிங்க சாமின்னு சொல்லிட்டுத் தைக்கறேன். ஆனா எட்டு நாளைக்குத் தாங்கற தையல்தான் போடறேன்"னு சொல்லிட்டாங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா கெணத்துக்காரரு வந்து நிக்கறாரு, எட்டு நாளைக்கு ஒருக்கா பேரம். ஆறு செஷன் அந்தக் கெணத்தைச் சுத்தியே ஓடுச்சு, நான் எழுதி வெச்ச கம்பெனிப் பட்டாளமெல்லாம் பையிலயே கெடந்துச்சு.

இதுக்குக் கூட ஒரு சின்ன கருவி இருக்கு, நாங்க பொகைச்சல்னு சொல்லுவோம். பேப்பர்ல ஆறு கட்டம். ஊர் விதிய யாராச்சும் வெளிப்படையா மீறுனா ஒரு கட்டம் அடிப்பேன். மூணாவது கட்டத்துல யாரோ மணியக்காரர் காதுல போட்டுருவாங்க. ஆறுல ஊர்க்கூட்டம். அந்த நாள் வந்தா அடி எங்க விழும்னு முன்னாடியே தெரியணும், அதுக்காக ஒவ்வொரு ப்ளேயரும் ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே மூணு பேரு எழுதித் தரணும்: ஒன்னு வீட்டு ஆளு, ஒன்னு கடன் குடுத்த ஆளு, ஒன்னு தன்னை நம்பியிருக்கற ஆளு. பொகைச்சல் நெறஞ்சா அந்த மூணுல ஒருத்தருக்கு நடக்கும், யாருக்குன்னு ப்ளேயரே தேர்ந்தெடுக்கணும். கொடூரமா இருக்கும். ஆனா "ஏன் அன்னைக்கு யாருமே எதுத்துக் கேக்கல"ங்கற கேள்விக்கு எங்க ரூம்ல அஞ்சு பேருக்கும் அப்பத்தான் பதில் தெரிஞ்சுது.

கட்டத்தை அழிக்கவும் வழி வைங்க. கோயில் நோம்பி, மழை, பொதுவா ஒரு திருட்டு, கம்பெனிக்காரன் வரி கேட்டு வர்றது, எதுவா இருந்தாலும் ஊரு ஒன்னாச் சேர வேண்டிய நேரம் வந்தா ரெண்டு கட்டம் கொறையும். ஊருன்னா அப்படித்தான், காலையில முறைச்சவன் சாயங்காலம் கூட நிப்பான், மறுநாள் திரும்பவும் முறைப்பான்.

படி 6: பாவப்பட்டவங்க மியூசியம் ஆக்கிராதீங்க

மேல சொன்னதை மட்டும் பண்ணுனா கீழ் வீதிக் கேரக்டர் எல்லாம் அடி வாங்கறதுக்கே பொறந்த மாதிரி ஆயிரும். அதுவும் பொய். ஒவ்வொருத்தருக்கும் மத்தவங்களுக்கு இல்லாத ஒரு அறிவும் ஒரு வழியும் குடுங்க. தோல் வேலைக்காரருக்கு சுத்துப்பட்டுல இருக்கற அத்தனை கெணத்தோட ஆழமும் தெரியும், எந்தத் தோட்டத்துல தண்ணி வத்துதுன்னு பண்ணாடிக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். துணி வெளுக்கறவங்களுக்கு எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியும். சந்தை இருக்கே, அது ஒரு தனி உலகம், அங்க காசு பேசும், ஊர்ல தலைய நிமுத்தாத ஆளு அந்தியூர் மாட்டுத் தாவணில தரகு பேசறப்ப வேற ஆளு.

சின்னமலை படையில பொல்லான்னு ஒரு வீரர் இருந்தாரு. எதிரி முகாம் சேதிய செருப்புக்குள்ள வெச்சுத் தைச்சு அனுப்புனாருன்னு நம்ம பக்கம் வழிவழியாச் சொல்லுவாங்க. எனக்கு இதைக் கேட்டப்ப கெணத்துச் சாலுதான் ஞாபகம் வந்துச்சு. கையில தொடக் கூடாதுன்னு ஒதுக்குன தோலுதான் தண்ணியும் கொண்டாந்துச்சு, சேதியும் கொண்டு போச்சு. செருப்பைச் சோதிக்க எந்தக் காவக்காரனும் கைய வெக்க மாட்டான்ல. விதியே ஓட்டையாகற இடம் இது. உங்க ஒவ்வொரு சமூக விதிலயும் இப்படி ஒரு ஓட்டை இருக்கும், அதை நீங்க சொல்லாதீங்க, ப்ளேயரைத் தேட விடுங்க.

படி 7: கும்புடற சாமிக்கு ஹிட் பாயிண்ட் போடாதீங்க

சின்னப் படிதான். ஹிட் பாயிண்ட்டுன்னா ஒரு கேரக்டர் எத்தனை அடி தாங்கும்ங்கற எண்ணிக்கை. அண்ணன்மார் கதைய உடுக்கை அடிச்சு ராத்திரி பூரா பாடற ஊரு இது. அதுல பொன்னர் சங்கரு ஒரு பக்கம், வேட்டுவர் ஒரு பக்கம். ஒரு பக்கத்து வீரன் மறுபக்கத்துக்கு என்னன்னு யோசிக்காம மான்ஸ்டர் லிஸ்ட்டுல வேட்டுவரைச் சேத்தீங்கன்னா, அந்தப் பேரு இருக்கறவங்க உங்க ரூம்லயே இருக்கலாம். நாங்க ஒரு செஷன் முழுக்க வேட்டுவர் பக்கமா ஆடுனோம், நம்ம காடு கைய விட்டுப் போகுதேன்னு. கருப்பராயனும் அங்காளம்மனும் பாஸ் ஃபைட்டுக்கு வரக் கூடாது. கனவுல வரலாம், சகுனமா வரலாம், பல்லி சொல்லலாம்.

படி 8: பொம்பளைக் கேரக்டர்

"அந்தக் காலத்துல பொம்பளைங்க வெளியவே வர மாட்டாங்க"ன்னு ஒருத்தன் சொல்லுவான், எல்லா குரூப்லயும் ஒருத்தன் இருப்பான். களை எடுத்தது யாரு, ராட்டையில நூல் நூத்தது யாரு, சந்தைக்குத் தயிர்ப்பானை தூக்கிட்டுப் போனது யாருன்னு அவனைக் கேளுங்க. வெளிய வராதது வசதியான வீட்டுப் பொம்பளைங்க, அதையும் ஒரு கேட்டா வரைங்க, அவங்களுக்கும் ஓட்டை இருக்கும். 1978ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் ப்ளேயர் பொஸ்தகத்துல பொம்பளைக் கேரக்டரோட பலத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தாங்க, ட்ராகன் நெருப்புத் துப்பற உலகத்துல இது ஒன்னுக்குத்தான் ரியலிசம் வேண்டியிருந்துச்சு. எங்க திருப்பூர் அக்கா இதைக் கேட்டு சிரிச்ச சிரிப்புல கீழ தறிக்காரரு மேல வந்து என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போனாரு.

படி 9: பஞ்சத்தை ஆடறதுன்னா

1876ல இருந்து 78 வரைக்கும் ஓடுன பஞ்சத்துல சேலமும் கோயமுத்தூரும் ரொம்ப அடிபட்ட ஜில்லாங்க. நாங்க இதை மூணே செஷன் ஆடுனோம், அதுக்கு மேல முடியல. இதுல எதிரி மழை இல்லைங்கறதை மட்டும் வெச்சா கதை தட்டையாயிரும். ரயில் ஓடிட்டிருக்கு, தானியமும் நகருது, வெலை குடுக்க முடியற பக்கமா நகருது. பஞ்சத்தைப் பாக்க கவர்மெண்ட் அனுப்புன ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில 1877ல கூலியக் கொறைச்சாரு, ஆம்பளைக்கு நாளைக்கு ஒன்றரை பவுண்டு தானியமா இருந்தது ஒரு பவுண்டா ஆச்சு, கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா 450 கிராம், அதைத் தின்னுட்டு கல்லு ஒடைக்கணும். மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இது பத்தாதுன்னு எதுத்து எழுதுனாரு. நான் 450 கிராம் அரிசிய ஒரு டப்பாவுல போட்டு நடுவுல வெச்சேன், வேற எந்த வர்ணனையும் பண்ணல.

பஞ்சத்துல யாரு சாகறாங்கன்னு டைஸ் உருட்டாதீங்க. சாவு அங்க தற்செயலா வரல, யாருகிட்ட நெலம் இருந்துச்சு, யாருகிட்ட நகை இருந்துச்சு, யாரை முகாம்ல சேத்துக்கிட்டாங்கன்னு வரிசையா வந்துச்சு. அதனால ப்ளேயருக்குக் குடுக்கற தேர்வு எதை விக்கறது, யாரு சிலோன் தோட்டத்துக்குக் கப்பல் ஏறறதுங்கற மாதிரி இருக்கணும். கொழந்தைங்க சாவு எங்களுக்குத் திரை.

படி 10: நடுவுல நிறுத்தவும், முடிஞ்சு பேசவும்

எக்ஸ் கார்டுன்னு ஒன்னு இருக்கு, ஜான் ஸ்டாவ்ரோபோலஸ்ங்கறவரு உண்டாக்குனது, ஒரு துண்டு அட்டையில பெருக்கல் குறி போட்டு நடுவுல வெச்சுட்டு, யாரு தொட்டாலும் அந்த சீன் அங்கேயே மாறிரும், காரணம் சொல்ல வேண்டியதில்ல. எங்க ஆளுங்க ஆரம்பத்துல தொடவே இல்ல, கூச்சம். அப்பறம் நான் ஒரு விதி வெச்சேன், ஒவ்வொரு செஷன்லயும் ஜிஎம் ஒருதடவையாச்சும் தானே தொடணும். அதுக்கப்பறம் அது டீ க்ளாஸ் மாதிரி சாதாரணமாயிருச்சு.

கஷ்டமான ப்ளேயர் யாருன்னு கேட்டா, மனசு நொந்து போறவரு இல்லீங்க. "எங்க அப்பாரு யாரையும் அப்படி நடத்தல, எங்க பண்ணயத்துல எல்லாருக்கும் ஒரே சோறுதான்"னு நடுவுல எந்திரிக்கறவருதான். எங்ககிட்டயும் ஒருத்தரு இருக்காரு, நல்ல மனுசன், எனக்குத் தூரத்து ஒறம்பரை வேற. அவர்கிட்ட வாதாடுனா அன்னைக்கு ராத்திரி போச்சு. நான் கண்ட வழி, அவரோட கேரக்டர் கையில கணக்கு நோட்டைக் குடுத்து, களத்துல யாருக்கு எத்தனை வள்ளம்னு அவரையே அளந்து எழுதச் சொல்றது. யாரையும் குத்தம் சொல்லல, கணக்கு மட்டும்தான். மூணாவது செஷன்ல அவரே நோட்டைப் பாத்துட்டு "இதுல ஒரு குடும்பம் எப்படி மாப்ள ஆறு மாசம் சாப்புடும்?"னு கேட்டாரு. நான் பதில் சொல்லல, அந்த அக்காவும் சொல்லல, அவரே பேனாவை வெச்சுட்டு வெளிய போய் டீ வாங்கிட்டு வந்தாரு.

முடிஞ்சதும் கெளம்பறதுக்கு முன்னாடி கால் மணி நேரமாச்சும் கேரக்டர் பேரை விட்டுட்டுச் சொந்தப் பேருல பேசுங்க. பண்ணாடியா ஆடுன ஆளு, அவரு கேரக்டர்கிட்ட அடங்கி நின்ன ஆளுக்கு எடுத்து வெச்சு டீ ஊத்தணும்னு எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. யாரும் விதியா எழுதல, ஒருதடவை நடந்துச்சு, அப்படியே ஒட்டிக்கிச்சு.

டைஸைக் கீழ வெச்சான்னு சொன்னேனே, அந்தத் தம்பி ஒரு நாலு மாசம் வரவே இல்ல. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவங்க அம்மா காப்பி குடுத்தாங்க, கேம் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பறம் வந்தான். இப்ப ஆறு வாரமா ஜிஎம் அவன்தான், அதே 1800, அதே ஊரு, நான் சங்ககிரிக் கோட்டைக்குச் சேதி கொண்டு போற கம்பெனி ஆளா ஆடறேன். மொத செஷன்ல என் ஷீட்டை வாங்கிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"உங்க செருப்பு எங்க தைச்சதுங்ணா?"